சாதாரண மைக்ரோஸ்கோப்பில் வெள்ளி நானோ துகள்களைப் பார்ப்பது எப்படி?

வெள்ளி நானோ துகள் தயாரிக்கும் எம்.எஸ்ஸி. மாணவர்களில் பெரும்பாலானவர்கள் தாங்கள் செய்த துகளைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கரைசல் மஞ்சளாகும். கரைசல் எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யுவி-விசிபிள் எடுப்பார்கள். 420 நானோமீட்டர் பக்கம் ஒரு முகடு வரும். அப்புறம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்துக்காகக் காத்திருப்பார்கள். அது வந்து சேர்வதற்குள் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் தேதி வந்துவிடும்.

துறை அலமாரியில் உறை போட்டு வைத்திருக்கும் மாணவர் மைக்ரோஸ்கோப்பே இந்த வேலைக்குப் போதும். துகள்களைத் தனித்தனியாக, அவற்றின் நிறத்தோடும் துடிப்போடும் பார்க்கலாம். முறையாகச் செய்தால் அளவையும் ஓரளவு கணக்கிடலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி போனது. கிடைத்த குறிப்புகள் எல்லாம் விலை உயர்ந்த கருவி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் ஊர் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பதை வைத்து எப்படிச் செய்வது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது தெரியும், எது தெரியாது

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 40 மடங்கு ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடின் பக்கம் இருக்கும் லென்ஸ்) மேல் 0.65 என்று எழுதியிருக்கும். அதுதான் அதன் என்.ஏ., அதாவது எவ்வளவு அகலமான கோணத்தில் வரும் ஒளியை லென்ஸ் வாங்கும் என்று காட்டும் எண். பச்சை ஒளியில் அந்த லென்ஸால் சுமார் 420 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே 60 நானோமீட்டர் துகளின் வடிவம் ஒருநாளும் தெரியாது. உருண்டையா, கம்பியா, முக்கோணமா என்று இந்தக் கருவியிடம் கேட்காதீர்கள்.

ஆனால் துகள் அங்கே இருக்கிறது என்பது தெரியும். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக விழும் வெயிலில் தூசி மின்னுகிறதே, அதே கதைதான். பின்னணி இருட்டாக இருந்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழுந்தால், துகள் சிதறடிக்கும் ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வரும். டார்க் ஃபீல்டு என்பது இவ்வளவுதான். உருப்பெருக்கத்தைக் கூட்டுவதில் பலன் இல்லை. உங்கள் உழைப்பு முழுவதும் இருட்டிலும் சுத்தத்திலும் போகட்டும்.

துகளின் அளவு இங்கே மிகவும் முக்கியம். சிதறும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்கில் மாறுகிறது. 60 நானோமீட்டர் துகளைவிட 30 நானோமீட்டர் துகள் 64 மடங்கு மங்கல். எனவே வெள்ளி என்றால் 40 நானோமீட்டருக்கு மேல், தங்கம் என்றால் 50க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரும் முதலில் எடுத்துக்கொண்டு வருவது சிட்ரேட் முறையில் செய்த சிவப்புத் தங்கக் கரைசல். பாடப்புத்தக அளவுகளில் செய்தால் அதில் இருப்பது 15 முதல் 20 நானோமீட்டர் துகள்கள். கரைசல் அழகாக இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு கொண்டு செய்த கரைசலும் முதல் முயற்சிக்கு வேண்டாம். துகள்கள் பல நேரம் சின்னவை. அதோடு சாற்றில் இருக்கும் நார், புரதத் திப்பி எல்லாமே ஒளியைச் சிதறடிக்கும். எது வெள்ளி, எது இலை என்று பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம்.

2. மைக்ரோஸ்கோப்பும் அனுமதிக் கடிதமும்

மூன்று விஷயம் பாருங்கள். ஸ்லைடுக்கு அடியில் இருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை ஏற்றி இறக்க முடிய வேண்டும். அதன் அடியில் ஃபில்டர் வைக்கும் வளையம் இருக்க வேண்டும். விளக்கு பளிச்சென்று இருக்க வேண்டும்: 20 வாட் ஹாலஜன் அல்லது நல்ல வெள்ளை எல்இடி. கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சம் பிடிக்கும் பழைய மாடல் இதற்கு உதவாது.

100 மடங்கு ஆயில் ஆப்ஜெக்டிவைத் தொட வேண்டாம். அதன் என்.ஏ. 1.25. டார்க் ஃபீல்டு கிடைக்க கண்டென்சரின் ஒளி அந்த எண்ணைவிட அகலமான கோணத்தில் வர வேண்டும். ஆப்ஜெக்டிவுக்குள்ளேயே ஐரிஸ் (திறப்பைச் சிறிதாக்கும் அமைப்பு) இருந்தால்தான் அது சாத்தியம். மாணவர் கருவிகளில் அது இருப்பதில்லை. 40 தாராளமாகப் போதும்.

தயாரான டார்க் ஃபீல்டு கண்டென்சர் வேண்டுமென்றால், மருத்துவக் கல்லூரி அல்லது கால்நடை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் கேளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவை டார்க் ஃபீல்டில்தான் பார்ப்பார்கள் என்பதால் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். வெளித்துறைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: துறைத்தலைவர் வழியாக எழுதிய வேண்டுகோள் கடிதம், வழிகாட்டியின் கையெழுத்து, கல்லூரி அடையாள அட்டை நகல், சில்வர் நைட்ரேட்டின் பாதுகாப்புக் குறிப்புத் தாள். கடிதத்தில் 'உயிருள்ள மாதிரி எதுவும் இல்லை. ஸ்லைடு, கவர்ஸ்லிப், ஆயில் நாங்களே கொண்டுவருகிறோம். வேலை முடிந்ததும் லென்ஸைச் சுத்தம் செய்து ஒப்படைக்கிறோம்' என்று தெளிவாக எழுதுங்கள். அந்த வரிகள் இல்லாத கடிதம் மேஜையிலேயே கிடக்கும். பதில் வர ஒரு வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது அரை நாள் வீதம் இரண்டு நாள் கேளுங்கள். முதல் அரை நாள் ஃபோகஸ் பிடிப்பதிலேயே போய்விடும்.

புதிதாக வாங்குவதானால், கண்டென்சர் உட்காரும் வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பொருந்தாத கண்டென்சர் வந்தால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு. விலை பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும். அதனால்தான் அடுத்த படி.

3. கருப்பு வட்டு வெட்டுவது

செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கருப்பு சார்ட் அட்டை, ஒரு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), பசை, கத்தரி, வெர்னியர் இருந்தால் போதும்.

சாயமேற்றிய ஏதாவது ஒரு ஸ்லைடை 40இல் சாதாரணமாக ஃபோகஸ் செய்யுங்கள். கண்டென்சரை முழுக்க மேலே ஏற்றுங்கள். கண் வைக்கும் லென்ஸான ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். வெளிச்சமான ஒரு வட்டம் தெரியும். கண்டென்சரில் இருக்கும் ஐரிஸை மெல்ல மூடுங்கள். அதன் விளிம்பு அந்த வட்டத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐரிஸை அசைக்காமல் கண்டென்சரைக் கழற்றி, திறப்பின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் பெரிதாக வட்டு வெட்ட வேண்டும். ஃபில்டர் வளையம் ஐரிஸுக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் கணக்கு அச்சாக வராது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்று நான்கு வட்டுகளை ஒரேயடியாக வெட்டி வைத்துக்கொள்வது நல்லது.

ஓஎச்பி ஷீட்டை ஃபில்டர் வளையத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நட்டநடுவில் கருப்பு வட்டை ஒட்டுங்கள். வளையத்தில் வைத்து ஐரிஸை முழுக்கத் திறந்துவிடுங்கள். திரும்பக் குழாய்க்குள் பாருங்கள். முழுக்க இருட்டாக இருந்தால் சரி. ஒரு பக்கம் பிறை போல வெளிச்சம் கசிந்தால் வட்டு நடுவில் இல்லை, நகர்த்துங்கள். சுற்றிலும் வளையமாகக் கசிந்தால் அடுத்த பெரிய வட்டைப் போடுங்கள். இந்தச் சோதனையில் தேறாத வட்டை வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள்.

கண்டென்சரில் 1.25 என்று எழுதியிருந்தால் இன்னொரு வசதி உண்டு. அதன் மேல் ஒரு சொட்டு இம்மர்ஷன் ஆயில் வைத்து, ஸ்லைடின் அடிப்பக்கம் அதில் தொடும்படி ஏற்றினால் துகள்கள் நன்றாகவே பிரகாசமாகும். ஆயிலில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. 40 ஆப்ஜெக்டிவ் உலர்ந்த லென்ஸ். அதன்மேல் ஆயில் படவே கூடாது.

4. கரைசல் தயாரிப்பு

ஆரம்பத்துக்கு மிகவும் ஏற்றது சிட்ரேட் வைத்துக் கொதிக்கவைக்கும் வெள்ளிக் கரைசல். இதில் துகள்கள் 60 முதல் 80 நானோமீட்டர் பக்கம் வரும். அளவு ஒரே சீராக இருக்காது, நடுநடுவே கம்பிகளும் இருக்கும். நமக்கு அது நல்லதே. பல நிறம் தெரியும்.

100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 18 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து, மேக்னெடிக் ஸ்டிரர் ஓட, நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசல் 2 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் தண்ணீரில் வெளிர் மஞ்சள் படரும். அது அடர்ந்து, கடைசியில் பச்சை கலந்த சாம்பல் நிறமாகக் கலங்கும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தானாக ஆற விடுங்கள். தண்ணீர் அதிகம் வற்றாமல் இருக்க மேலே வாட்ச் கிளாஸ் மூடிவைக்கலாம். ஆறியதும் ஆம்பர் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கரைசல் கெட்டுவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். குழாய்த் தண்ணீரிலும், கேனில் வரும் ஆர்ஓ தண்ணீரிலும் குளோரைடு இருக்கும். சில்வர் நைட்ரேட் பட்டதும் சில்வர் குளோரைடு வெள்ளையாகத் திரியும். அதுவும் டார்க் ஃபீல்டில் ஜொலிக்கும். நீங்கள் அதை நானோ துகள் என்று நம்பிவிடுவீர்கள். எந்தத் தண்ணீரானாலும் முதலில் ஒரு டெஸ்ட் டியூபில் எடுத்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். லேசாகப் பால் போல ஆனால்கூட அந்தத் தண்ணீர் வேண்டாம். பீக்கரையும் குழாய்த் தண்ணீரில் கழுவியதோடு விடாமல் டிஸ்டில்டு வாட்டரில் மூன்று முறை அலசுங்கள்.

செலவில் பெரியது சில்வர் நைட்ரேட்தான். எடையில் 63 சதவீதத்துக்கு மேல் வெள்ளி என்பதால் வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும். உங்களுக்குத் தேவை மில்லிகிராம் கணக்கில். புதுப் பாட்டில் வாங்காமல் வேதியியல் துறை ஸ்டோரில் இன்டென்ட் போட்டுக் கேளுங்கள். கையுறை அவசியம். விரலில் பட்டால் கருப்பாகும்; தோல் உரிந்தால்தான் போகும்.

நானோ பவுடர் என்று விற்கும் உலர் பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கும் யோசனை வேண்டாம். உலர்ந்த துகள்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கலக்கினாலும் தனித்தனியாகப் பிரியாது.

5. ஸ்லைடு

புது ஸ்லைடு பெட்டியைப் பிரித்து நேராக எடுத்து வைப்பது பெரிய தவறு. அதன் மேல் கண்ணாடித் தூளும் பிசுக்கும் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடில் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, எத்தனாலில் முக்கி, கவிழ்த்த பீக்கருக்கு அடியில் சாய்த்து உலர விடுங்கள். கவர்ஸ்லிப்பும் ஒவ்வொன்றாக இப்படியே. முந்தின நாள் மாலையே செய்துவிட்டால் மறுநாள் அவசரம் இருக்காது. துணியால் துடைக்காதீர்கள், நூல் ஒட்டும்.

அடுத்தது நீர்த்தல். மேலே சொன்ன கரைசலின் ஒரு மில்லியில் பத்தாயிரம் கோடி துகள்கள் பக்கம் இருக்கும். அப்படியே வைத்தால் பனிமூட்டம்தான் தெரியும். ஆயிரம் மடங்கு நீர்த்துங்கள்: 10 மைக்ரோலிட்டரை 10 மில்லி டிஸ்டில்டு வாட்டரில். அதில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து 22 மில்லிமீட்டர் சதுரக் கவர்ஸ்லிப் போட்டால் நீர்ப்படலம் சுமார் 10 மைக்ரான் கனம் இருக்கும். 40இல் பார்க்கும் வட்டத்துக்குள் நூற்றைம்பது துகள் போல வரும். ஃபோகஸில் ஒரே சமயம் தெரிவது அதில் ஒரு பகுதி.

சொட்டு வைப்பதற்கு முன் ஸ்லைடின் மேல்பக்கம், கவர்ஸ்லிப் ஓரம் வரும் இடத்தில், பெர்மனென்ட் மார்க்கரால் சின்னக் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரத்தையும் வாசலைனால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் ஓரத்தில் நீர் ஆவியாகி, துகள்கள் எல்லாம் ஆற்றோட்டம் போல ஒரே பக்கம் ஓடும்.

இதோடு வெறும் டிஸ்டில்டு வாட்டர் வைத்த ஸ்லைடு ஒன்றும் கட்டாயம் செய்யுங்கள்.

6. பார்ப்பது

அறையை இருட்டாக்கி, போனை உறையில் போட்டு, பத்து நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். முதலில் வெறுந்தண்ணீர் ஸ்லைடு. இருட்டில் ஃபோகஸ் பிடிக்க எதுவுமே இல்லாததால்தான் பலர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். அந்த மார்க்கர் கோடு இதற்காகத்தான். 10இல் கோட்டின் விளிம்பைக் கூர்மையாக்குங்கள், 40க்கு மாறுங்கள், மறுபடி கூர்மையாக்கி, ஸ்லைடை மெதுவாகச் சொட்டின் பக்கம் நகர்த்துங்கள். கண்டென்சரையும் ஒரு மயிரிழை ஏற்றி இறக்கி, பின்னணி அதிகக் கருப்பாக இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். வெறுந்தண்ணீரில் அசையாத சில வெள்ளைப் புள்ளிகள், கண்ணாடிக் கீறல்கள் இருக்கலாம். இருபது முப்பது புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தால் உங்கள் தண்ணீர் சரியில்லை. நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

இப்போது வெள்ளி ஸ்லைடு. கருப்புப் பின்னணியில் நீலப் புள்ளிகள் அதிகம் இருக்கும். நடுவே பச்சை, மஞ்சள், அரிதாகச் சிவப்பு. ஒரே ஒரு நீலப் புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பாருங்கள். அது ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காது. இந்தப் பக்கம் வெட்டும், அந்தப் பக்கம் வெட்டும், மங்கி ஒரு வளையமாக விரிந்து மறையும், பக்கத்தில் எங்கோ திரும்ப வந்து புள்ளியாகும். ஃபோகஸ் தளத்துக்கு மேலும் கீழும் போய் வருவதால் அப்படி. சில சிவப்புப் புள்ளிகள் கண்சிமிட்டும். அவை பெரும்பாலும் கம்பி வடிவத் துகள்கள். உருளும்போது ஒளி கூடிக் குறைகிறது. நீர் மூலக்கூறுகள் மோதுவதால் துகள் இப்படி அலைவதுதான் புரௌனியன் இயக்கம்; பரீட்சைக்குப் படித்தது கண்முன்னே நடக்கும். நேரம் எடுத்துப் பாருங்கள், அவசரப்பட்டு போனை எடுக்காதீர்கள்.

நீங்கள் செய்த துகள்கள்தானா என்று சோதித்துப் பார்க்க உப்புச் சோதனை செய்யலாம். உப்பு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். நீர்த்த கரைசலில் உப்புப் போட்டால் துகள்கள் தூரத்தூரமாக இருப்பதால் ஒட்ட வெகுநேரம் ஆகும். எனவே நீர்க்காத கரைசல் அரை மில்லியில் அதே அளவு 1 சதவீத உப்புக் கரைசலைச் சேர்த்து, நிறம் மாறியதும் நீர்த்து ஸ்லைடு போடுங்கள். நீலப் புள்ளிகள் குறைந்து, மந்தமாக அசையும் பெரிய வெளிர்க் கட்டிகள் வந்திருக்கும்.

லேசர் பாயின்டரைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்த முறையில் துகள் தெரியும் என்பது உண்மை. ஆனால் லேசர் எரியும்போது ஐபீஸில் கண்ணை வைக்கவே கூடாது; கேமரா மட்டும்தான். கூட ஆள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

7. போனில் பதிவு

ஐபீஸில் மாட்டும் போன் ஹோல்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கேமராவை ப்ரோ மோடில் வைத்து ஃபோகஸ், ஐஎஸ்ஓ, ஷட்டர் மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கி மோடில் விட்டால் இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றி, பின்னணியைச் சாம்பலாக்கிவிடும். பல போன்கள் வீடியோவின் ஃப்ரேம் வேகத்தை நடுவில் தாமாகவே மாற்றும். அளவு கணக்கிடப் போகிறீர்கள் என்றால் வேகத்தை நொடிக்கு 30 ஃப்ரேமில் நிலையாக வைக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். அதே அமைப்பில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் (அளவுகோடு பொறித்த ஸ்லைடு) ஒரு படம் எடுங்கள். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 10 மைக்ரான். ஒரு மைக்ரானுக்கு எத்தனை பிக்சல் என்று அதிலிருந்து கிடைக்கும். அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் கணக்கே போடமுடியாது.

8. அளவு கணக்கிடுவது

படத்தில் புள்ளி அரை மைக்ரான் அகலம் இருக்கும். அது துகளின் அளவு அல்ல, லென்ஸ் உண்டாக்கும் ஒளிவட்டம். ரிப்போர்ட்டில் 'துகளின் அளவு 500 நானோமீட்டர்' என்று எழுதிவிடாதீர்கள். அளவு அதன் ஓட்டத்தில்தான் இருக்கிறது: சின்னத் துகள் வேகமாக அலையும், பெரியது மந்தமாக.

ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் ட்ராக்மேட் என்ற பகுதி புள்ளிகளைப் பின்தொடர்ந்து ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்வைத் தரும். நகர்வை மைக்ரானாக்கி, வர்க்கப்படுத்தி, சராசரி எடுங்கள். அதை 30ஆல் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) பெருக்கி 4ஆல் வகுத்தால் பரவல் எண் வரும். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் 557ஐ அந்தப் பரவல் எண்ணால் வகுங்கள். 25 டிகிரி என்றால் 491ஐ வகுங்கள். விடை நானோமீட்டரில் விட்டம். உதாரணமாக 30 டிகிரியில் சராசரி 1.24 வந்தால் பரவல் எண் 9.3, விட்டம் 60 நானோமீட்டர்.

ஏழெட்டு ஃப்ரேமில் மறைந்துவிடும் துகளை வைத்துத் தனியாக முடிவு சொல்லாதீர்கள். பல துகள்களைச் சேர்த்தே சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகள்கள் கணக்கில் வராததால் உங்கள் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இதை ரிப்போர்ட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். வைவாவில் முதலில் வரும் கேள்வி இதுதான்.

9. டெம் படத்துக்கு அனுப்புவதானால்

வடிவம் காட்ட வேண்டுமென்றால் டெம் எனப்படும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான் வழி. ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று தேடலாம். மாணவர் கட்டணம், கல்லூரிக் கட்டணம், தொழிற்சாலைக் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். மாணவர் கட்டணத்துக்கு போனஃபைட் சான்றிதழும் வழிகாட்டி கையெழுத்திட்ட படிவமும் கேட்பார்கள். ஜிஎஸ்டி தனி, மாதிரியைத் தாங்கும் சின்ன வலையான கிரிட்டின் விலை சில இடங்களில் தனி. பணம் கட்டும் முன் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் செமஸ்டர் தொடக்கத்திலேயே பதிவு செய்யுங்கள்.

அனுப்பும் நாளன்று அதே பாட்டிலிலிருந்து ஒரு ஸ்லைடு போட்டுப் பாருங்கள். நீலப் புள்ளிகள் குறைந்து கட்டிகள் கூடியிருந்தால் அந்தக் கரைசலை அனுப்பாமல் புதிதாகத் தயாரித்துவிடுங்கள். கெட்டுப்போன மாதிரிக்கும் கட்டணம் முழுசாகத்தான். நீர்த்து மிஞ்சியதையும் கழுவிய தண்ணீரையும் சிங்கில் ஊற்றாமல், 'வெள்ளிக் கழிவு' என்று எழுதிய கேனில் சேர்த்து ஸ்டோரில் ஒப்படையுங்கள்.